எடைக்குப் போட்ட ஹாரனும் எழுந்து நின்ற ஏழு பேரும்

பட்டாபிராம்,
14.7.1991

மரியாதைக்குரிய வீரராகவன் மாமாவுக்குப் பரந்தாமன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முதலாளி கஜபதி அவர்களின் சுகம் அறிய ஆவல். உங்கள் சுகம் அதிலேயே அடங்கிவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை.

அப்பாவிடம் கொடுத்தனுப்பிய சீட்டு கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் என் புல்லட்டிலிருந்து ஹாரனைக் கழற்றி முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பா ரைஸ்மில்லுக்கு மூட்டை தூக்க வர வேண்டாம் என்று மேஸ்திரி என்ற முறையில் எழுதியிருக்கிறீர்கள். தங்கை புருஷனை வேலையை விட்டு நிறுத்தும் சீட்டை 'அன்புடன்' என்று முடித்ததற்கு நன்றி.

நடந்ததைச் சொல்கிறேன். முதலாளியின் பழைய லேண்ட்மாஸ்டர் காரை எடைக்குப் போட்டது முதலாளியேதான். வேலப்பன்சாவடி காயலான் கடையில் அதன் ஹாரன் குளவிக்கூட்டோடு கிடந்தது, காசு கொடுத்து வாங்கினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, அறுந்த காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றி, ஆறு வோல்ட் புல்லட்டில் அதற்கென்று பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றைக் கட்டி, சத்தம் கூட்டும் திருகை இம்மி இம்மியாகத் திருப்பினேன். முதல் நாள் தொண்டை கட்டிய எருமை மாதிரி கத்தியது. மூன்றாம் நாள்தான் அந்தப் பழைய 'பாம்ம்ம்' வந்தது.

மறுநாள் கன்னியம்மாள் டீக்கடை முன்னால் ஒரு மாடு குறுக்கே நின்றது. ஒரே ஒரு தடவை அடித்தேன். மாடு நகரவில்லை. பெஞ்சில் இருந்த மில் ஆட்கள் ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். மடித்துக் கட்டிய லுங்கியெல்லாம் இறங்கியது, பீடியெல்லாம் முதுகுக்குப் பின்னால் போனது. கார் தெருவில் ஓடி ஆறு வருஷம் ஆகிறது மாமா! அந்த ஏழு பேரில் அப்பாவும் ஒருவர்.

"அட, நீயாடா? மொதலாளி வந்துகினு கீறாருன்னு நெனச்சேன்."

"காரே இல்லியே நைனா, இன்னாத்துக்கு எந்திரிச்ச?"

"நான் எங்கடா எந்திரிச்சேன்? காலு எந்திரிச்சுது. அதக் கயட்டிப் போடு மொதல்ல."

கன்னியம்மாளுக்கு மட்டும் சந்தோஷம். "தெனம் வந்து ஒரு தபா அடிச்சிட்டுப் போ அண்ணாத்தே. ஒரு டீயக் குடிச்சிட்டு இவனுங்க பெஞ்சக் காலி பண்ணவே மாட்றானுங்க."

தன் மரியாதையை நான் ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டு திரிகிறேன் என்று முதலாளி குதிக்கிறாராம். எடைக்குப் போடும் முன்பு மரியாதையைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொண்டிருக்கலாமே! ஒரு வாரமாகத் தினமும் அடிக்கிறேன். நேற்று இரண்டு பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். ஏழு பேரும் உட்காரும்வரை கழற்ற மாட்டேன். அப்பாவை நிறுத்தினால் மில் வாசலில் வந்து அடிப்பேன். ஆட்கள் மூட்டையைப் போட்டுவிட்டு விறைத்து நிற்கட்டும், அரிசியை நீங்களும் முதலாளியும் தூக்கிக்கொள்ளுங்கள்.

அத்தைக்கும் முதலாளிக்கும், உங்களுக்கு யார் பெரியவரோ அந்த வரிசையில், என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
பணியாத மருமகன்
பரந்தாமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் டீ குடிக்கப் போனேன். என் சிநேகிதன் ஜேம்ஸ் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று என் வண்டியை வாங்கிப் போனான். திரும்பி வரும்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குப் பின்னால் வந்து ஹாரனை அடித்தான். மில் ஆட்கள் ஏழு பேரும் அசையவில்லை. அப்பா டீயை ஊதிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தது நான் மட்டும்தான். லுங்கி இறங்கியிருந்தது. "இன்னாத்துக்குடா எந்திரிச்ச?" என்று அப்பா கேட்டார். ஹாரனை அவரிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.