அதிபர் மெதுவாகப் பேசிய வாரம்

முதல் பாடம் முடிந்த பிறகுதான் நௌபர் ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலில் அதிபர் மஹ்ரூப் சிரித்தபடி நின்றார்.

அந்தச் சிரிப்புப் புதியது. போன வாரம் வரை மஹ்ரூப் விடிந்ததும் விடியாததுமாகப் பாடசாலைக்கு வந்து, காவலாளி முதல் தண்ணீர்க் குழாய் வரை எல்லாவற்றையும் ஏசுவார். களப்பில் வலை வீசுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். களப்புக்கு அக்கரையில் குடியிருந்த கல்விப் பணிப்பாளர் பொறுமையிழந்து, அவரைக் கந்தளாயில் நடந்த, இதமாகப் பேசப் பழக்கும் மென்திறன் பயிற்சிக்கு அனுப்பினார். வியாழக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், முன்னேற்றம் இல்லையென்றால் தொலைவில் உள்ள வெருகலுக்கு மாற்றம் என்றும் சொல்லிவிட்டார்.

"ஏன் மாஸ்டர் பிந்தினது?" மஹ்ரூப் பஞ்சு போலக் கேட்டார்.

"நித்திரையாப் போயிட்டன் சேர்."

மஹ்ரூப் வாய்வரை வந்த ஏச்சை விழுங்கினார். "உங்கட களைப்பு எனக்கு விளங்குது."

மறுநாள் பாதி ஆசிரியர்கள் பிந்தினார்கள். பிள்ளைகளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். குரலில் இன்னும் கடுமை இருக்கிறதோ என்று சந்தேகப்பட்ட மஹ்ரூப், காலைக் கூட்டத்தில் மிகவும் தாழ்ந்து பேசினார். அவர் துஆ கேட்கிறார் என்று நினைத்த பிள்ளைகள் கையேந்தி ஆமீன் சொன்னார்கள்.

ஊக்கப்படுத்தினால் சரிவரும் என்று, நேரத்துக்கு வருவோருக்கு ரோல்ஸும் பிளேன்டீயும் அறிவித்தார். புதன்கிழமை நேரத்துக்கு வந்தவர் டவுனில் இருந்து பஸ்ஸில் வரும் பாக்கியரத்தினம் ரீச்சர் மட்டுமே. வீணாகக் கூடாதென்று எல்லா ரோல்ஸையும் அவரே சாப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவில் போனார்.

வியாழன் காலை மணி அடித்தபோது பாடசாலை வளவில் மஹ்ரூபும் காவலாளியும் இரண்டு ஆடுகளும் மட்டும் நின்றார்கள். மஹ்ரூப் மனதுக்குள் வெருகலுக்குப் பெட்டி கட்டத் தொடங்கினார். ஆனால் பணிப்பாளரையும் காணவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஜீப் வந்தது. பணிப்பாளர் சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டியிருந்தார். காலில் இரண்டு விதமான சப்பாத்து. மஹ்ரூபின் முகத்தைப் பார்க்காமல் நேரே குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்.

சாரதி அர்ஷாக் மஹ்ரூபின் காதருகே குனிந்தார்.

"சேர், நாளையில இருந்து கொஞ்சம் ஏசுங்க. இந்த ஊரைப் போல எங்கட பெரிய சேரும் உங்கட சத்தத்துக்குத்தான் எழும்புறவர்."