ஆல்ப்ஸ் மலையில் வாசல் தெளித்தேன்

நான் ஒருவருடைய காலை உடைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை, அவருக்கு மரியாதை செய்யப் போய் உடைந்துவிட்டது. போலீஸ், கேஸ் என்று எதுவும் வராததால் எட்டு வருஷமாக வீட்டுக்குள்ளேயே வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அவருக்கும் கால் கூடிவிட்டது, இனி எழுதலாம்.

எனக்குப் பிறந்த ஊர் விக்கிரமங்கலம். பெரம்பலூர்ப் பக்கத்து அரும்பாவூர்க்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஜெர்மனியில் இன்ஜினியர். கல்யாணமான ஆறாவது மாசம் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, கூடவே ஒரு வியாதி: எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பேன். (வியாதி இப்போதும் இருக்கிறது. பதில் சொல்லத்தான் ஆள் குறைந்துவிட்டது.)

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என் வீட்டுக்காரர் என்னை ஆஸ்திரியாவில் ஒரு பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார். பனிச்சறுக்கு என்பதே புதுசாக இருந்த காலத்திலிருந்து ஜனங்கள் சறுக்கிக்கொண்டிருக்கும் ஊர் அது. தங்கியது மாடு வைத்திருக்கும் ஒரு விவசாயி வீட்டு மாடியில். அவர் பெயர் ஹான்ஸ். ஐம்பத்தெட்டு வயது. விடிகாலையில் மாட்டைப் பார்ப்பார், பத்து மணிக்கு மேல் டூரிஸ்டுகளுக்கு ஸ்கீ என்கிற சறுக்குப் பலகை ஓட்டச் சொல்லிக்கொடுப்பார். அவர் மனைவி மரியா வீடு, சமையல், விருந்தாளிகள் எல்லாவற்றையும் பார்ப்பார். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் கொஞ்சம்தான். எனக்கு ஜெர்மன் சுத்தமாகக் கிடையாது. ஆகவே இந்தக் கட்டுரையில் ஹான்ஸ் பெரம்பலூர்த் தமிழில் பேசினால் அது மொழிபெயர்த்த என் வீட்டுக்காரரின் குற்றம்.

முதல் நாளே ஹான்ஸ் என்னை ஸ்கீயில் ஏற்றினார். நின்ற இடத்திலேயே ஏழு தடவை விழுந்தேன். எட்டாவது தடவை அவர் மேலேயே விழுந்தேன். (அதற்கே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.) அத்தோடு சறுக்குவதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்பதில் இறங்கினேன். பனியை மிதித்தால் ஏன் நறநற என்கிறது? மாட்டுக் கொட்டகை ஏன் வீட்டோடு ஒட்டி இருக்கிறது? ஆறு மாசம் வெளியே போகாத மாடு கோவித்துக்கொள்ளாதா? ஹான்ஸ் சலிக்காமல் பதில் சொன்னார். என் வீட்டுக்காரர்தான் சலித்துக்கொண்டார். "அம்மா தாயே, நான் லீவுல வந்துருக்கேன். இன்ஜினியர் வேலைய விட இது கஷ்டமா இருக்கு" என்றார்.

சாப்பாட்டு மேசைக்கு மேலே, சுவரில், இரண்டு மரப்பலகைகள் மாட்டியிருந்தன. ஆள் உயரத்துக்கும் மேல் நீளம். பக்கத்தில் ஒரே ஒரு நீளக் கம்பு. அதையும் கேட்டேன்.

ஹான்ஸுடைய கொள்ளுத்தாத்தாவின் ஸ்கீ. அந்தக் காலத்தில் ஒற்றைக் கம்புதான். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஸ்கீ, பழைய உடுப்போடு ஊரே மலை இறங்குமாம். முதலில் ஒருவர் தனியாக இறங்க வேண்டும். அவர் இறங்கி முடிக்கும்வரை அந்தச் சரிவில் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. ஊரில் பத்தொன்பது பழைய வீடுகள். வருஷத்துக்கு ஒரு வீட்டுக்கு அந்த முறை. பேண்டு வாத்தியம் வாசலுக்கே வந்து அழைத்துப் போகும்.

"இந்த வருசம் எங்க வூட்டு முறை" என்று ஹான்ஸ் சொன்னதாக என் வீட்டுக்காரர் சொன்னார். "போன தடவ அவருக்கு முப்பத்தொம்பது வயசாம். அவங்க அப்பா உசுரோட இருந்ததால அவருதான் எறங்குனாராம். அடுத்த தடவ வர்றப்ப இவருக்கு எழுபத்தேழாயிடும். அதனால இதான் அவருக்கு மொதலும் கடைசியும்ங்கிறாரு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊர்த் திருவிழாவில் நாளுக்கு ஒரு குடும்பத்துக்கு மண்டகப்படி உண்டு. சாமிக்கு அன்றைக்கு எல்லாம் அந்தக் குடும்பத்துச் செலவு, அந்தக் குடும்பத்துக்கு முதல் மரியாதை. ஒரு வருஷம் தீட்டு வந்து எங்கள் முறை தவறிப்போனதற்கு என் பெரியப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை அம்மாவுக்கு வீடியோ காலில் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு மலை, பனி எதிலும் அக்கறை இல்லை.

"மேளம் வந்து அழைச்சிக்கிட்டுப் போற வூடுங்கற. வாசல் தெளிச்சிக் கோலம் போட்டாங்களாடி?"

"அதெல்லாம் இங்க தெரியாதும்மா."

"அவங்களுக்குத் தெரியாது, ஒனக்குமா தெரியாது? ஒரு வாரமா அந்த வூட்டு சோத்தத் திங்கிற. நல்ல நாளு பெரிய நாளுல வாசல மூளியா போட்டு வைப்பியா?"

நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிறு விடிகாலையில் எழுந்தேன். என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஹான்ஸும் மரியாவும் கொட்டகையில் இருந்தார்கள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் வீட்டுக்காரரின் கோட்டு என்று போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். படியிலும் கேட் வரைக்கும் போகிற பாதையிலும் ஒரே சரளைக்கல். வந்த நாளிலிருந்து எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே தரையில் முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். வாசலில் மட்டும் கல்லை ஏன் இப்படி இறைத்துவிட்டிருக்கிறார்கள்? உலகத்தில் உள்ள அத்தனையையும் கேட்ட நான் இதை மட்டும் கேட்கவில்லை. தங்க இடம் கொடுத்தவர்களைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்ற நாகரிகம்.

துடைப்பத்தை எடுத்து ஒரு கல் விடாமல் கூட்டித் தள்ளினேன். பிறகு குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்தேன். குளிரில் கை விறைக்கும் என்று வெந்நீராகவே பிடித்தேன். படியில் தொடங்கிக் கேட் வரைக்கும், அம்மா சொல்லிக்கொடுத்தபடி, கையை வீசி வீசித் தெளித்தேன். ஆவி பறந்தது. பார்க்க அழகாக இருந்தது. இன்னும் ஒரு வாளி தெளித்தேன்.

சமையலறையில் மைதா இருந்தது. பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் ஒன்று போட்டேன். மாவு தரையில் அப்படியே பிடித்துக்கொண்டது. பரவாயில்லையே, இந்த ஊர்த் தரையில் கோலம் கலையவே கலையாது போலிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். ஏன் என்று அப்போதாவது கேட்டிருக்கலாம்.

கோலத்தை முடித்துவிட்டு ஓரத்துப் புல்மேட்டுப் பனியில் போய் நின்றுகொண்டேன். எல்லோரும் வந்து பார்த்து அசந்து போவதைப் பார்க்க வேண்டாமா.

ஒன்பது மணிக்குப் பேண்டு சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் வாசித்துக்கொண்டு வந்து நின்றார்கள். கதவு திறந்தது. கொள்ளுத்தாத்தாவின் கோட்டு, தொப்பி, தேய்ந்த தோல் அடி வைத்த பூட்ஸ், தோளில் அந்த மரப்பலகைகள் என்று ஹான்ஸ் மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தார். என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். முதல் படியில் காலை வைத்தார்.

அதற்கப்புறம் படி எதிலும் அவர் கால் படவில்லை. உட்கார்ந்தபடியே கோலத்தைக் கடந்து கேட் வரைக்கும் போனார். அவரைத் தூக்க ஓடி வந்த மரியாவும் அதே வழியில் போனார். கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்த பெரிய குழல் வாத்தியக்காரர் வாத்தியத்தோடு குப்புற விழுந்தார். விழும்போதும் அது ஒரு தடவை ஊதியது. மாடி ஜன்னல் திறந்தது.

"அடிப்பாவி, சித்ரா" என்றார் என் வீட்டுக்காரர். "என்னடி பண்ணித் தொலச்ச?"

கூட்டத்திலேயே ஊர் டாக்டர் இருந்தார். கணுக்கால் எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு என்றார். கால் வழுக்காமல் இருக்கத்தான் அந்தச் சரளையே, அதைக் கூட்டிவிட்டு ஊற்றிய தண்ணீர் ஐஸாக உறைந்துவிட்டது என்றும் அவர்தான் சொன்னார். அடுத்த கால் மணி நேரத்தில் சமையலறைப் பெஞ்சில் ஹான்ஸ் உட்கார்ந்திருக்க, அவர் கால் பனி நிரப்பிய ஒரு வாளிக்குள் இருந்தது. (அதே வாளி.) சுற்றிலும் பேண்டுக்காரர்கள். நடுவில் நான், என் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

ஹான்ஸ் நீளமாகப் பேசினார். நடுநடுவே என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்னங்க சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல. வலிக்குதாம்."

மரியா எனக்கே புரியட்டும் என்று இங்கிலீஷில் ஒற்றை வார்த்தை கேட்டார். ஏன்?

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பியிருந்தது. பிறந்ததிலிருந்து தெளிக்கிறோம், அதனால் தெளித்தேன் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்.

"தூசி அடங்கும்" என்றேன்.

அவர் மொழிபெயர்த்தார். எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. குழல் வாத்தியக்காரர், மூக்கில் பஞ்சோடு, "எந்தத் தூசி?" என்றார்.

அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி போனால் எவ்வளவு தூசி பறக்கும் என்று கையால் காட்டி விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "சரி, மாவு எதுக்கு?"

"எறும்பு திங்கும்."

"எறும்பு இப்ப தூங்குதே" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தமாக.

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஹான்ஸ் சிரிக்கவில்லை. மடியில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. பத்தொன்பது வருஷம் காத்திருந்த மனுஷனின் முறையை இரண்டு வாளி வெந்நீரில் கெடுத்துவிட்டேனே என்று அழுதுவிட்டேன். கோட்டுக் கையில் மூக்கைத் துடைத்தபடி, "மன்னிச்சிக்கச் சொல்லுங்க" என்றேன். அதை மட்டும் அவர் ஒழுங்காக மொழிபெயர்த்தார்.

பேண்டு தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மலையில் ஜனங்கள் காத்திருக்கிறார்கள், அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்றார். அப்படிச் சொல்லிவிட்டால் இந்த வீட்டின் முறை இனி பத்தொன்பது வருஷம் கழித்துத்தான்.

மரியா ஏப்ரனை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

"முறை வூட்டுக்குத்தான? நானும் இந்த வூட்டு ஆளுதான்."

பேண்டு தலைவர் நெளிந்தார். பொம்பளைகள் முதலில் இறங்கியதில்லையே என்றார்.

அழுதுகொண்டிருந்தாலும் வியாதி போகவில்லை. "ஏன் எறங்கக் கூடாதுன்னு கேளுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டார். தலைவர் யோசித்தார். டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வாத்தியக்காரரைப் பார்த்தார். வாசல் தெளிக்கிற விஷயத்தில் எனக்கு என்ன தெரிந்திருந்ததோ, அதே அளவுதான் அவர்களுக்கும் இதில் தெரிந்திருந்தது.

கடைசியில் ஹான்ஸ்தான் பேசினார். தொப்பியை மரியாவிடம் நீட்டினார்.

"என்னை விட இவ நல்லா ஓட்டுவா. ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்."

மரியா பாவாடையோடு அந்த மரப்பலகைகளில் ஏறி, ஒற்றைக் கம்பைக் குறுக்கே பிடித்து, முழங்காலை மடக்கி இறங்கியதை ஹான்ஸும் நானும் கீழே இருந்து பார்த்தோம். ஹான்ஸை வைக்கோல் இழுக்கும் சறுக்கு வண்டியில் உட்கார வைத்து என் வீட்டுக்காரர் இழுத்து வந்திருந்தார். பாதி மலையில் மரியா லேசாகத் தடுமாறினார். ஹான்ஸ் என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு மரியா நேராக வந்து எங்களுக்கு எதிரே பனி தெறிக்க நின்றதும் ஜனங்கள் கைதட்டினார்கள். ஹான்ஸ் என் கையை விடாமலே அழுதார். இந்தத் தடவை வருத்தத்தில் இல்லை என்று எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே தெரிந்தது.

மிச்ச இரண்டு நாளும் ஹான்ஸுக்குப் பதிலாக மாட்டுக்கு வைக்கோல் போட்டேன். அதற்குத் துணைக்கு வந்த என் வீட்டுக்காரர் கொட்டகைப் பக்கம் தண்ணீர் வாளியை என் கையில் கொடுக்கவே இல்லை. ஐஸோடு உறைந்துபோன என் கோலம் நாங்கள் கிளம்பும்வரை கலையவில்லை. டூரிஸ்டுகள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஊருக்குத் திரும்பி இப்போது பெரம்பலூரில் இருக்கிறோம். எந்த விசேஷத்துக்கு நான் வாசல் தெளித்தாலும் என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் நீட்டி, தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். மே மாசமானாலும் அப்படித்தான்.

போன குளிர்காலத்தில் எதிர்வீட்டு டீச்சரின் மகள் கல்யாணமாகி அந்தப் பக்கம் போகிறாள் என்று கேள்விப்பட்டு, ஹான்ஸ் வீட்டில் தங்கச் சொல்லி அனுப்பினேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. போன மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். வாசல் கதவில் இங்கிலீஷில் ஒரு பலகை: காலையில் வாசலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கீழே வாளி படம் போட்டு அதன் மேல் சிவப்புக் கோடு.

"எந்தப் பைத்தியம் அக்கா இந்தக் குளிருல வந்து வாசல்ல தண்ணி ஊத்தும்?" என்று கேட்டிருந்தாள்.

யாராவது வெளியூர்க்காரங்களா இருக்கும் என்று பதில் போட்டேன்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பலகையின் அடியில் பென்சிலால் ஜெர்மனில் ஒரு வரி தெரிந்தது. வேறு கையெழுத்து. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எங்க வூட்டு முறை வர்ற வருசம் மட்டும் ஊத்திக்கலாம். இப்படிக்கு மரியா."

அதற்கு இன்னும் பதினொரு வருஷம் இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் காலாவதியாக விடாமல் வைத்திருக்கிறேன்.