தண்ணீருக்கு நாற்பத்தாறு கிலோ

பண்டிகை வந்தால் மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பதும், அந்த மகிழ்ச்சியில் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் மேலிடத்தின் கவனத்துக்கு வந்தபோது, யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. கவனத்துக்கு வந்துவிட்ட ஒன்றைச் சும்மா விட முடியாது. ஆகவே பண்டிகைக்கால நல்வாழ்வுப் பணியகம் என்று ஒன்று உண்டாக்கப்பட்டது. அதற்கு ஒரு ஜீப்பும், ஒரு கண்ணாடித் தராசும், கிருஷ்ணகுமார் என்ற இணைப்பாளரும் வழங்கப்பட்டனர்.

சுற்றறிக்கை கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. தீபாவளியை முன்னிட்டுச் சகல குடும்பங்களும் ஆரோக்கியமாக இருத்தல் வேண்டும், குடும்பத்தினருடன் நேரத்தை இன்பமாகக் கழித்தல் வேண்டும், மேற்படி இன்பம் உத்தியோகத்தர் ஒருவரின் முன்னிலையில் இடம்பெறல் வேண்டும் என்று இத்தால் அறியத்தரப்பட்டிருந்தது. அறிந்துகொண்டோம்.

பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு கிருஷ்ணகுமார் வந்து மடுவத்தில் எங்களை நிற்கவைத்துப் பேசினார். கையில் அடி எண்ணும் கடிகாரம் கட்டியிருந்தார். ஜீப்பிலிருந்து மடுவம் வரை நூற்றுப்பத்து அடி நடந்ததாக அது சொன்னது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"தினமும் பத்தாயிரம் அடி நடக்கணும். கொழும்புல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் நடக்கிறாங்க."

கொழுந்தெடுக்கும் மருதாயி கையைத் தூக்கினாள். "கூடையோடயா சார், கூடை இல்லாமலா?"

"கூடை எதுக்கு?"

"கூடையோடன்னா காலைத் தேத்தண்ணிக்கு முன்னாடியே முடிஞ்சிரும். மிச்சத்தைக் கொழும்பு ஆளுங்களுக்குக் குடுக்கலாமான்னு கேட்டேன்."

கிருஷ்ணகுமார் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். "பால் தேத்தண்ணியை விடுங்க. பச்சைத் தேயிலை குடிங்க. இப்ப எல்லாரும் அதுதான்."

"பச்சையா ஒரு இலையை மடியில வச்சாலே கங்காணி கொழுந்துத் திருட்டுன்னுவாரு சார்."

"ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை சுத்தமான தண்ணி கட்டாயம்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. மேல் டிவிசனில் நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துப் பாறையிடுக்கில் செருகிய ஒரு தண்ணீர்ப் பீலிதான். மழைக்குச் சேறும் வெயிலுக்குக் காற்றும் அதில் வரும். மருதாயியின் புருஷன் கந்தையா மெதுவாகச் சொன்னார்: "குழாய் கேட்டு எழுதிப் போட்டு ஒம்பது வருஷம் சார்."

"அது குழாய்நீர்ப் பிரிவு. நான் நல்வாழ்வு," என்றார் கிருஷ்ணகுமார். பிறகு, அவரும் மனிதர்தானே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணு இருக்கு. தீபாவளிக்கு முன்னாடி ஒரு நிறுவை, தீபாவளி அன்னைக்கு ஒரு நிறுவை. எடை கூடாத டிவிசனுக்குச் சான்றிதழ். அவங்க கோரிக்கை ஒண்ணை மேலிடம் பரிசீலிக்கும்."

அன்றைக்கே எல்லோரும் கண்ணாடித் தராசில் ஏறி இறங்கினோம். மருதாயி நாற்பத்தொன்று. கந்தையா ஐம்பத்துநான்கு. குடும்பம் தொண்ணூற்றைந்து என்று படிவத்தில் ஏறியது. குழாய் வந்துவிட்டதைப் போலவே இருந்தது. அந்த இரண்டு வாரமும் லயத்து வீடுகளில் யாரும் முறுக்குப் பிழியவில்லை. பிழிந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பிழிந்தார்கள்.

மருதாயிக்குக் குழாயை விடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. அவள் மகள் சுதர்ஷினி கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்கத்தான். உட்கார அங்கே நாற்காலி கிடையாது. ஊரெல்லாம் தீபாவளிக்குத் துணி எடுத்து முடித்த பிறகுதான் அவளுக்குத் தீபாவளி. பதினொரு மாதமாகத் தாய் மகளைப் பார்க்கவில்லை.

"ஒம்பதரைக்கு வந்திருவேம்மா. மூணு மணி பஸ்ஸை விட்டா வேலை போயிரும்," என்று போனில் சொல்லியிருந்தாள்.

மருதாயி கணக்காகத்தான் ஆசைப்பட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்து முழுக்காட்ட வேண்டும். கோழிக்கறி ஆக்க வேண்டும். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். இது குடும்ப நேரம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒளித்து வைத்திருப்பாள்.

தீபாவளியன்று காலை பத்து மணிக்கு எல்லாக் குடும்பமும் மடுவத்துக்கு வர வேண்டும், நிறுவைக்கு முன் எவரும் உணவு உட்கொள்ளலாகாது என்று உத்தரவு. சுதர்ஷினி ஒன்பதரைக்கு வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாயிற்று, முழுக்காட்ட நேரமில்லை. எண்ணெய் வழியும் தலையோடு வரிசையில் நின்றாள். கோழிக்கறி வீட்டில், லயத்துக் காம்பராவில், மூடி வைத்திருந்தது. வாசம் மட்டும் உத்தரவை மீறி மடுவம் வரை வந்துவிட்டது.

இணைப்பாளர் வந்தபோது பகல் ஒரு மணி. கூடவே நிரோஷா என்ற உதவியாளர், படம் எடுக்க. ஜீப் சேற்றில் புதைந்துவிட்டதாம். பண்டிகை நாளில் தள்ள ஆள் கிடைக்கவில்லை. ஆள் எல்லாம் அவருக்காக மடுவத்தில் நின்றுகொண்டிருந்தது.

கண்ணாடித் தராசை இறக்கி வைத்தார்கள். முதல் லயத்து முதல் காம்பரா என்பதால் மருதாயி குடும்பத்தைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கந்தையா காலை வைத்ததும் தராசு ஒரு தடவை மின்னிவிட்டு அணைந்துபோனது. பட்டரி வாங்கக் கடை இல்லை. கடைக்காரர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள்.

"கொழுந்துத் தராசு இருக்கு சார்," என்றார் கணக்கப்பிள்ளை அந்தனி. உத்திரத்தில் தொங்கும் கொக்கித் தராசு. இருபத்தாறு வருஷமாக அந்தத் தராசின் முகத்தை அவரும், அவர் முகத்தை நாங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கயிற்றில் ஒரு பலகையைக் கட்டி ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டார்கள்.

கந்தையா ஏறி உட்கார்ந்தார். அந்தனி முள்ளைப் பார்த்துப் பாடினார்: "அம்பத்திரண்டு."

மருதாயி உட்கார்ந்தாள். "முப்பத்தொம்பது."

கிருஷ்ணகுமார் முகம் மலர்ந்தது. "ஆளுக்கு ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கே. பாத்தீங்களா, வழிகாட்டல் இருந்தா எல்லாம் நடக்கும்."

எங்களுக்குத் தெரியும். கொழுந்து நிறுத்தால் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று இரண்டு கிலோ கழிப்பார் அந்தனி. வெயில் காய்கிற நாளிலும் கழிப்பார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு முறை கூட அவர் வாயில் முழு நிறை வந்ததில்லை. அன்றும் கை தானாகக் கழித்தது. ஆளா கொழுந்தா என்று பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் அந்தக் கழிவைத் திட்டியவர்கள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு கிலோவில் எங்கள் குழாய் இருந்தது.

பிறகு சுதர்ஷினி பலகையில் உட்கார்ந்தாள்.

"நாப்பத்தாறு."

கிருஷ்ணகுமார் படிவத்தைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். "போன தடவை இந்த வீட்டு மொத்தம் தொண்ணூத்தஞ்சு. இப்ப நூத்து முப்பத்தேழு. நாப்பத்திரண்டு கிலோ கூடியிருக்கு."

"அது எம் மக சார். போன தடவை கொழும்புல இருந்துச்சு."

"எங்க இருந்து கூடுச்சுன்னு படிவத்துல கேள்வி இல்லம்மா. கூடியிருக்கான்னுதான் கேள்வி."

"அப்ப அவளை நிறுக்காதீங்க."

"நிறுத்தாச்சே. நிறுக்காட்டியும் குடும்ப நேரத்துல எல்லா அங்கத்தவரும் இருக்கணும். இருந்தா நிறுக்கணும்." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ரெண்டே வாரத்துல நாப்பத்திரண்டு கிலோ. தீவிர கண்காணிப்புக்குத்தான் எழுதணும். ஆலோசனை வகுப்பு ரெண்டு மணித்தியாலம், இன்னைக்கே."

மணி ஒன்றே முக்கால். பஸ் நிற்கும் சந்திக்கு இறங்க அரை மணி நேரம் வேண்டும். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. எல்லா வீட்டிலும் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்து நின்றார்கள். இப்படியே நிறுத்தால் டிவிசன் ஊதிப்போகும், குழாயும் போய்விடும்.

"மருதாயி, பிள்ளையை இப்பவே பஸ்ஸுக்கு அனுப்பிரு," என்றது ஒரு குரல். "அடுத்த வருஷம் வரட்டும்." அந்தக் குரல் எங்களில் ஒருத்தருடையதுதான். யாருடையது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எல்லோர் பேரையும் சொல்ல வேண்டிவரும்.

சுதர்ஷினி பலகையிலிருந்து இறங்கப் பார்த்தாள். மருதாயி அவள் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு அந்தனியிடம் திரும்பினாள்.

"கணக்கப்பிள்ளை ஐயா, சாக்குக்குக் கழிக்கிறீங்க. முத்தின இலைக்குக் கழிக்கிறீங்க. மழையே இல்லாத மாசத்துல தண்ணிக்குக் கழிக்கிறீங்க. இருபத்தாறு வருஷமா ஏன்னு கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"எம் மகளையும் கழிச்சிருங்க."

"என்னன்னு எழுதிக் கழிக்க?"

"வழக்கமா என்ன எழுதுவீங்களோ, அதையே எழுதுங்க."

அந்தனி பேனாவை எடுத்தார். கழிவு என்ற சொல்லைக் கண்டால் அவருக்கு மனம் தெளிந்துவிடும். தண்ணீருக்கு நாற்பத்தாறு கிலோ என்று அழகான கையெழுத்தில் எழுதினார். கிருஷ்ணகுமார் கூட்டிப் பார்த்தார். தொண்ணூற்றொன்று. கூட்டல் சரியாக இருந்தது. கூட்டல் சரியாக இருந்தால் அவருக்கு வேறு ஆட்சேபம் கிடையாது.

"சரி. இனிக் குடும்ப நேரம். பாயில உக்காந்து இருபது நிமிசம் இன்பமா இருக்கணும். படம் எடுக்கணும்."

"பிள்ளையுமா சார்?"

"அது தண்ணிதானேம்மா. நீங்க ரெண்டு பேரும் இருந்தாப் போதும்."

இருபது நிமிடம் பாயில் போனால் சாப்பாடு போச்சு. மருதாயி பாயைப் பார்த்தாள். இணைப்பாளரைப் பார்த்தாள். "எப்படி உக்காரணும், எப்படிச் சிரிக்கணும்னு எங்களுக்கு வராது சார். நீங்களும் கணக்கப்பிள்ளையும் கொஞ்சம் உக்காந்து காட்டுங்களேன்."

வழிகாட்டச் சொன்னால் மறுக்கிற உத்தியோகத்தர் இன்னும் பிறக்கவில்லை. கிருஷ்ணகுமார் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் அமர்ந்தார். பக்கத்தில் அந்தனி. "இன்னும் நெருங்கி," என்றாள் நிரோஷா. "பாசமா." அப்போது இணைப்பாளரின் போன் அடித்தது. வரக்காப்பொலையிலிருந்து அவர் மனைவி. பிள்ளைகள் மத்தாப்பை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களாம். குடும்ப நேரத்தில் கைபேசி கூடாது என்று சுற்றறிக்கையில் எழுதியவரே அவர்தான். போனை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் மருதாயி குடும்பம் காம்பராவுக்குப் போய்விட்டது. ஒரே தட்டில் மூன்று பேர். மகள் சாப்பிட்டாள், அப்பன் சாப்பிட்டார், தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீயும் தின்னும்மா," என்று சுதர்ஷினி ஒரு கவளத்தை ஊட்டிவிட்டாள். அதில் எண்ணெய் வாசம் இருந்ததாம். இரண்டரைக்கு இறங்கினார்கள். பஸ் அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்தது. வேறு எந்த நாளிலும் அப்படி வந்ததில்லை.

மடுவத்தில் வரிசை சுறுசுறுப்பானது. "எங்க வீட்டுலயும் ரெண்டு தண்ணி இருக்கு ஐயா." "எங்களுக்கு ஒண்ணுதான், ஆனா கனம்." அந்தனி சளைக்கவில்லை. ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவர்கள், ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர்கள், வீடுகளில் குழந்தை பார்க்கிறவர்கள் என்று கொழும்பிலிருந்து வந்த ஐம்பத்தேழு பிள்ளைகளும் பலகையில் ஏறித் தண்ணீராக இறங்கினார்கள். மொத்தக் கழிவு, தண்ணீருக்கு, இரண்டாயிரத்து எண்ணூற்று முப்பது கிலோ.

மேல் டிவிசன் வென்றது. பண்டிகையில் இளைத்த ஒரே டிவிசன் எங்களுடையதுதானாம். சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தது. பணியகத்தின் ஆண்டறிக்கையில் இணைப்பாளரும் கணக்கப்பிள்ளையும் பாயில் நெருங்கி உட்கார்ந்து சிரிக்கும் படம், 'ஆரோக்கியமான தோட்டக் குடும்பம் ஒன்று' என்ற குறிப்போடு வெளியானது. நாங்கள் குழாய்க் கோரிக்கையை மறுபடி எழுதினோம். இந்த முறை சான்றிதழையும் நிறுவைப் படிவத்தையும் இணைத்து அனுப்பினோம். எங்கள் புத்திசாலித்தனத்தில் எங்களுக்கே பெருமையாக இருந்தது.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் குழாய்நீர்ப் பிரிவிலிருந்து பதில் வந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் பதில். காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்கு வரிசையில் நிற்கும்போது, அந்தனி வாசித்தார். தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணத்தின்படி மேல் டிவிசனில் ஒரே நாளில் இரண்டாயிரத்து எண்ணூற்று முப்பது கிலோ தண்ணீர் இருந்தமை உத்தியோகத்தர் முன்னிலையில் உறுதி செய்யப்பட்டுள்ளது. எனவே தண்ணீர்ப் பற்றாக்குறை இல்லை. கோரிக்கை இத்தால் முடிவுறுத்தப்படுகிறது.

கழிவை எழுதியவரை எல்லோரும் பார்த்தார்கள். எழுதச் சொன்னவளை அவர் பார்த்தார்.

மருதாயி கூடையை முதுகில் சரிசெய்துகொண்டாள். "அந்தத் தண்ணியெல்லாம் மூணு மணி பஸ்ல கொழும்புக்குப் போயிருச்சுன்னு எழுதுங்க ஐயா. அதுதானே உண்மை."

எழுதினோம். அரசாங்கத்துக்கு நாங்கள் எழுதியதில் முழு உண்மை அது ஒன்றுதான். பங்குனியில் அதற்கும் பதில் வந்தது. குறிப்பிட்ட தண்ணீர் தற்போது கொழும்பில் இருப்பதால், விண்ணப்பத்தைத் தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்தே, நேரில், வேலை நாளில் சமர்ப்பிக்கவும்.

பிள்ளைகளுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறோம். லீவு கிடைத்ததும் போவதாகச் சொல்கிறார்கள்.