ஓணான் பார்க்க வந்த சம்பந்தம்

பெரம்பலூர்,
செவ்வாய்க்கிழமை, காலை 10.20 மணி.

பெருமதிப்பிற்குரிய மச்சான் வீரமணி அவர்களுக்கு,

தங்கள் தங்கை சுமதியின் வீட்டுக்காரன் செல்லமுத்து கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் சுமதியும் மகள் தமிழ்மொழியும் ஓர் ஓணானும் நலம். அரும்பாவூரில் தாங்களும் அக்காவும் மாடு கன்றுகளும் அவ்வாறே நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கையில் செல்போன் இருக்கும்போது இந்த ஆள் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். உங்கள் தங்கை இப்போதெல்லாம் போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் என்னைப் பேசவே விடுகிறாள். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் நேரக்காப்பாளராக இருந்தவன் என்பதால் நடந்ததை நடந்த வரிசையில், நேரத்தோடு எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து தங்கைக்கு நல்ல புத்தி சொல்ல வேண்டும். உலகத்தில் அவள் கேட்கிற சொல் தங்கள் ஒருவருடையதுதான்.

தமிழ்மொழிக்கு அரியலூரில் ஒரு வரன் வந்தது தங்களுக்குத் தெரியும். பையன் சரத்குமார், சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். அப்பா தங்கராசு லாரி வைத்திருக்கிறார், தங்கமான மனிதர், பேசவே மாட்டார். பேசுவதற்கு அம்மா பாக்யலட்சுமி இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் சுமதியும் போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு போயிருந்தோம். கூடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பெரிய சோபா காலியாக இருக்கிறதே என்று நான் உட்காரப் போனேன். "ஐயோ, அங்க வேணாங்க, எங்க சின்னப் பையன் படுத்திருக்கான்" என்றார்கள் அந்த அம்மா. குனிந்து பார்த்தால், மச்சான், மெத்தை மேல் என் கை நீளத்துக்கு ஒரு பச்சை ஓணான். ஓணான் என்று சொன்னதும் உங்கள் தங்கை என் தொடையில் கிள்ளினாள். அது இகுவானாவாம். தென்னமெரிக்காவிலிருந்து வந்ததாம். "எங்க பையனப் பாருங்க, எப்பவும் சிரிச்ச மொகமாத்தான் இருப்பான்" என்றார்கள் அந்த அம்மா. உண்மையிலேயே அதன் வாய் சிரித்த மாதிரிதான் இருந்தது. சுமதி அதன் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு செல்ஃபி எடுத்தாள். பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்து, "உங்க வூட்ல என்னங்க வளக்கறீங்க?" என்று கேட்டார்கள். "ஒரே ஒரு பொண்ண வளத்தோங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. தங்கராசு மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது பஸ் பேரளியைத் தாண்டியதும் சுமதி ஆரம்பித்தாள். "அவங்க வர்றதுக்குள்ள நம்ம வூட்லயும் ஒரு வெளிநாட்டுப் பிராணி இருந்தாவணுங்க. இல்லன்னா நம்மள என்னான்னு நெனப்பாங்க?" என்றாள். நாற்பது வருடம் முன்னால் நம் இரண்டு குடும்பமும் அடுத்தவர் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தது, அப்போது நம்மை யாரும் எதுவாகவும் நினைக்கவில்லையே, அதைவிடவா மோசமாக நினைத்துவிடப் போகிறார்கள் என்று கேட்டேன். "அதுக்குத்தாங்க சொல்றேன்" என்றாள். பாதி நியாயம் அவள் பக்கம் இருந்தது.

எந்தப் பிராணி என்பதில் மூன்று நாள் போனது. நம் வேப்பமரத்துக்கு வருகிற பச்சைக்கிளி ஒன்று போதாதா என்று கேட்டேன். நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வைத்தால் ஜெயிலாம், அமெரிக்காக் கிளியைக் காகிதம் போட்டு வாங்கினால் பெருமையாம். சரி, பஞ்சவர்ணக் கிளி என்று அவள் ஆரம்பித்தாள். எங்கள் அடுத்த வீட்டு அம்மாவின் பெயர் பஞ்சவர்ணம். கிளியைக் கூப்பிட்டால் அந்த அம்மா வரும், அந்த அம்மாவைத் திட்டினால் கிளி கோபித்துக்கொள்ளும் என்று அதை நிறுத்தி வைத்தேன். மலைப்பாம்பு வகையில் ஒன்று சாதுவாம், ஆனால் அதற்கு எலியை ஐஸில் வைத்துக் கொடுக்க வேண்டுமாம். வாழ்நாள் முழுக்க எலியை வீட்டை விட்டு விரட்டியவன், அதை பிரிட்ஜுக்குள் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது என்றேன். முடி நிறைந்த பெரிய எட்டுக்கால் பூச்சி ஒன்று இருக்கிறதாம். எங்கள் குளியலறையில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன, முடி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இத்தனை பேச்சிலும் ஒரு விசித்திரம் பாருங்கள். வாலிகண்டபுரம் பக்கம் நாலு கிராமத்து ஆடு மாடுகளுக்குத் தமிழ்மொழிதான் டாக்டர். இந்த வீட்டில் பிராணியைப் பற்றிப் படித்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் மட்டும் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கல்யாணம் ஆவப்போற பொண்ணுகிட்ட இதெல்லாமா கேப்பாங்க?" என்றாள் சுமதி. தமிழ்மொழியும் காலை 7.30-க்கு ஸ்கூட்டரில் போய் இரவு சாணி வாசனையோடு வருகிறவள், எங்களைப் பார்த்துச் சிரிப்பாள், தூங்கிப்போவாள்.

கடைசியில் வியாழக்கிழமை அரியலூர் போனோம். வளர்ப்புப் பிராணிக் கடை வைத்திருக்கும் அசோக் என்பவர் எங்களைக் கண்டதும், "சம்பந்தம் பேசறீங்களா சார்?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "இந்த வயசுல இகுவானா கேட்டு வர்றவங்க எல்லாம் அதுக்குத்தான் சார் வர்றாங்க" என்றார். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் அடுத்த வியாழன் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு ஓணானைக் கூண்டோடு கொடுத்தார். அரசாங்கத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார். அதில் ஆணா பெண்ணா என்று கேட்டிருந்தது. அசோக்கிடம் கேட்டேன். "வளர வளரத் தெரியும் சார்" என்றார்.

மாலை 4.15-க்கு ஓணான் வீட்டுக்குள் வந்தது. கூண்டைத் திறந்ததும் நேரே போய் டிவியின் செட்டாப் பாக்ஸ் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. சூடு பிடித்திருக்கிறது போல. ரிமோட்டை எந்தப் பக்கம் காட்டினாலும் அதன் வயிறுதான் மறைத்தது. ஐந்து வருடமாக ஒரு நாள் தவறாமல் சீரியல் பார்த்தவள் மூன்று நாள் பார்க்காமல் பொறுத்துக்கொண்டாள், மச்சான். மகள் கல்யாணத்துக்காக உங்கள் தங்கை செய்த தியாகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓணான் என்னை மட்டும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் பேப்பர் படித்தால் பார்க்கும், சாப்பிட்டால் பார்க்கும். ரிட்டையர் ஆன நாளிலிருந்து என்னை இவ்வளவு கவனமாக வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தமிழ்மொழி அன்று வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வெயில் வேணும்பா" என்று மட்டும் சொன்னாள். வெயிலில் வைத்தால் நிறம் மங்கிவிடும் என்று சுமதி திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று போன் வந்து தமிழ்மொழி விடியற்காலையே போய்விட்டாள். 10.30-க்கு சுமதி ஓணானைக் குளிப்பாட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டப் பார்த்தாள். அது வாலைச் சுழற்றி அவள் முழங்கையில் ஒன்று வைத்தது. அவள் போட்ட சத்தத்தில் நான் கதவைத் திறந்தேன், அது என் கால்களுக்கு நடுவே ஓடி வேப்பமரத்தில் ஏறிவிட்டது. பச்சை மரத்தில் பச்சை ஓணான். தெருவே கூடி அண்ணாந்து பார்க்கிறது, ஆளுக்கொரு இலையைக் காட்டுகிறார்கள். எதிர்வீட்டுப் பாப்பாயி, "உடும்பா சார்? விட்டுறாதீங்க, முட்டிவலிக்கு நல்லது" என்றாள். பஞ்சவர்ணம் அம்மா துடைப்பத்தோடு நின்றார்கள். சொன்னபடி 11 மணிக்கு, ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல், சம்பந்தி வீட்டார் கார் வந்து நின்றது.

நான் சரத்குமாரிடம் ஓடினேன். "தம்பி, உங்களுக்குப் பழக்கந்தானே, கொஞ்சம் புடிச்சிக் குடுங்க" என்றேன். அந்தப் பையன் காரின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான். "எனக்கு... அம்மாதாங்க பாத்துக்குவாங்க" என்றான். "நானா? வேலக்காரப் பொண்ணுல்ல பாக்குது!" என்றார்கள் பாக்யலட்சுமி அம்மா. அதுவரை பேசாத தங்கராசு அப்போது வாயைத் திறந்தார். "எங்க வூட்ல அத ஒருத்தரும் தொட்டதில்லீங்க. ஆலை மேனேஜர் வூட்ல ஒண்ணு இருந்திச்சின்னு இவ வாங்குனா. அது சோபாவ விட்டு எறங்கிச்சின்னா நாங்க மூணு பேரும் மாடிக்கு ஏறிருவோம்." சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை, மச்சான், நான் எந்தக் கோயில் வாசலிலும் பார்த்ததில்லை.

அந்த நேரம் தமிழ்மொழி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சட்டையெல்லாம் ரத்தமும் சாணியும், தலையில் வைக்கோல். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஏணியைச் சாத்தி ஏறினாள், துண்டைப் போட்டாள், குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அதன் வாயை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பாக்யலட்சுமி அம்மாவிடம் போய் வணக்கம் சொல்லி, மரியாதையாகத்தான் சொன்னாள்: "அத்த, இது தப்பிச்சிக்கும். அம்மா எடுத்த போட்டோவுல உங்க பையனப் பாத்தேன். அவனுக்குத்தான் எலும்பு ரொம்ப வீக்கா இருக்கு. அது சிரிப்பு இல்லீங்க, தாட வீங்கியிருக்கு. ரூமுக்குள்ளயே வெச்சிருந்தா சுண்ணாம்புச் சத்து எறங்காது. இப்படியே விட்டா நடக்கவே முடியாம போயிரும்."

தெரு முழுக்க சரத்குமாரைத் திரும்பிப் பார்த்தது. "அடப்பாவமே, இந்த வயசுலயா!" என்றாள் பாப்பாயி. அந்தப் பையன் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "பொண்ணு பாக்க வந்த எடத்துல நடுத்தெருவுல நிக்க வெச்சி எம்புள்ளைக்கி நோவுன்னு சொல்ல வெச்சிட்டீங்கல்ல!" என்று பாக்யலட்சுமி அம்மா காரில் ஏறிவிட்டார்கள். தங்கராசு மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கி இருவது லோடு சுண்ணாம்புக்கல் எங்க வாசலத் தாண்டித்தாங்க போவுது. வூட்டுக்குள்ள ஒரு சீவன் சுண்ணாம்பு இல்லாம கெடக்குதே" என்று சொல்லிவிட்டு ஏறினார். 11.25-க்குக் கார் கிளம்பியது. காபி ஆறிப்போனது. தமிழ்மொழி என்னிடம், "கன்னு பொழச்சிருச்சிப்பா, கெடேரி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிடரி வரைக்கும் சாணியோடு ஒருத்தி ஏணியில் ஏறினாளே, அவளையா ரிப்பன் கட்டிய ஓணானுக்குப் பின்னால் ஒளித்து வைக்கப் பார்த்தோம் என்றுதான் இருந்தது. இதை நான் சுமதியிடம் சொல்லவில்லை.

சுமதி ஒரு நாள் முழுக்க அழுதாள். நேற்று காலை எழுந்து முகம் கழுவி, "ஓணான் ராசி இல்லீங்க. அடுத்த வரன் வர்றதுக்குள்ள பஞ்சவர்ணக் கிளி வாங்கிருவோம்" என்கிறாள். ஆகவே, மச்சான், என் முடிவை எழுத்தில் தருகிறேன். இந்த வீட்டில் கிளியோ ஓணானோ பாம்போ எதுவும் வேண்டாம். தாங்கள் நேரில் வந்து, அண்ணன் என்கிற முறையில், கண்டிப்பாக, உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். நானும் வருகிற வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு அரியலூர் போய் இந்த ஓணானை அசோக்கிடம் ஒப்படைத்துவிடுவேன். என்னை யாரும் ஒற்றைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. இதில் மாற்றம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, தொட்டது துலங்க வாழட்டும். தங்கள் கிணற்றில் தண்ணீரும் மாட்டில் பாலும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் மதிக்கும்
செல்லமுத்து

பி.கு.: இன்று வியாழக்கிழமை, மாலை 3.50. கடிதம் தபாலில் சேராமல் இரண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. காலையில் அரியலூர் போனேன். கடையில் மூலைக் கூண்டில் தங்கராசு வீட்டு ஓணான் கிடந்தது. திங்கட்கிழமையே கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். முன்னங்காலை ஊன்ற முடியாமல், அந்த வீங்கிய வாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் இரண்டோடு பஸ் ஏறினேன். தமிழ்மொழி மதியமே வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்திருக்கிறாள், பிழைத்துவிடும் என்கிறாள். தினமும் காலை 7.10-லிருந்து 8 மணி வரை மொட்டை மாடியில் வெயில் காட்ட வேண்டுமாம், அந்த வேலை எனக்கு. அசோக்கிடம் விஷயம் தெரிந்துகொண்டு சரத்குமார், அவன் வீட்டு ஓணான் எப்படி இருக்கிறது என்று மதியம் அவளுக்குப் போன் செய்தான். ஓணானைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார்கள், மொத்தம் நாற்பத்தாறு நிமிடம். ஆகையால் தாங்கள் வர வேண்டாம். வந்தாலும் தங்கையிடம் எதுவும் சொல்ல வேண்டாம். வருவதாக இருந்தால் ஓணான்களுக்கு வேலியோரத்துச் செம்பருத்தி இலை ஒரு பை நிறையப் பறித்து வாருங்கள். பெரியவருக்கு இலை போதும், சின்னவர் பூவும் சாப்பிடுகிறார்.