அத்தை பொரி கொட்டிய அமெரிக்க வீணை

சங்கீதம் எனக்கு வராது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்தெட்டு வயது ஆயிற்று. அதற்குள் ஒரு மிருதங்க வாத்தியார், ஒரு கீபோர்டு டீச்சர், ஆசையாகப் புல்லாங்குழல் சொல்லித்தந்த பக்கத்து ஃபிளாட்காரர் என்று மூன்று பேர் என்னைத் தலைமுழுகியிருந்தார்கள். சரி, போகட்டும் என்று நான் விட்ட மறு மாதமே மவுண்டன் டல்சிமர் என்ற அமெரிக்கத் தந்தி வாத்தியம் என் வாழ்க்கையில் நுழைந்தது. (விதி சும்மா விடுமா?)

புனேயில், மகர்பட்டாவில் எனக்கு ஐ.டி. வேலை. வீடியோ மீட்டிங் ஒன்றில் அமெரிக்க மேனேஜருக்குப் பின்னால் சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது. என் பகுதி வேலை முடியாததால், பேச்சை மாற்றத்தான் "அது என்ன?" என்று கேட்டேன். மனிதர் அதை மடியில் படுக்கப்போட்டு வாசித்தே காட்டிவிட்டார். இடுப்பு ஒடுங்கிய நீளமான மரப்பெட்டி. மேலே நாலு தந்தி, இதய வடிவில் நாலு ஓட்டை. ஓரத்துத் தந்தியில் மட்டும் விரலை ஓட்டினால் போதும், மற்றவை தம்புரா மாதிரி தானாக ரீங்காரம் போடும். தப்பாக வாசித்தாலும் தப்பு அவ்வளவாகத் தெரியாது. எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

அடுத்த முறை புனே வந்தபோது எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். முதல் வாரத்திலேயே ஒரு மெட்டு முழுசாக வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் மனைவி சுமதிக்கும் வந்தது, வேறு காரணத்துக்காக. ஆறு மாதம் அதே மெட்டைக் கேட்டவள் ஒருநாள் கெடு வைத்தாள்.

"உங்களைத் தவிர ஒரே ஒரு ஆளுக்கு இது பிடிச்சிருக்குன்னு காட்டுங்க. இல்லைன்னா பரண்தான்."

உடனே எங்கள் ஃபிளாட் சொசைட்டி நவராத்திரி விழாவில், தாண்டியா கோலாட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். அன்றைக்குத்தான் சரஸ்வதி பூஜை என்பது கேட்கும்போது என் மூளையில் ஏறவில்லை. போதாததற்கு, அன்று காலை நானே டல்சிமரைக் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்தேன். கோவையிலிருந்து வந்திருந்த மாமியாரிடம் "அமெரிக்க வீணை அத்தை" என்று பெருமை வேறு. அத்தை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கள் பூஜை இடமோ கையகலம். இது நன்றாக அகலமாக, தட்டையாக இருக்கிறதே என்று பொரிகடலை மொத்தத்தையும் அதன் மேலேயே கொட்டிக் குவித்துவிட்டார்.

"அத்தை, சாயங்காலம் எனக்கு அது வேணுமே!"

"பூஜையில வெச்சதை நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுக்கோணும் மாப்ள. அதுவரைக்கும் தொடப்படாதுங்க."

நான் நல்ல மாப்பிள்ளைதான். ஆனால் பரண் என்னைப் பயமுறுத்தியது. அத்தை கீழ்வீட்டுக்குத் தாம்பூலம் வாங்கப் போன நேரம், பொரியை வழித்து எடுத்துவிட்டு டல்சிமரை உருவினேன். அந்த இடத்தில் என் யோகா மேட்டை மடித்து வைத்து, பட்டுத்துணி போர்த்தி, மறுபடி பொரியைக் குவித்தேன். டல்சிமரைத் தூக்கியபோது சரசரவென்று ஏதோ சத்தம் கேட்டது. பதற்றத்தில் கண்டுகொள்ளவில்லை.

மேடை. எதிரே இருநூறு பேர், எல்லார் கையிலும் கோலாட்டக் குச்சி. ஆரம்பித்தேன். எனக்கு ஒரு வியாதி உண்டு, வாசித்தால் முழங்கால் தானாக ஆடும். முழங்கால் ஆட, மடியில் இருந்த பெட்டி ஆட, உள்ளே இறங்கியிருந்த அரைப்படிப் பொரி 'சரக் சரக்' என்று தாளம் போட்டது. மூன்றாவது வரியில் இதய ஓட்டை வழியாக ஒரு பொட்டுக்கடலை துள்ளி, முன்வரிசையில் இருந்த சொசைட்டி செக்ரெட்டரி ஜோஷி காக்காவின் (மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா) கண்ணாடியில் பட்டு மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். சாப்பிட்டார்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல். அத்தை! எப்போது வந்தாரோ!

"ஐயோ, அது சாமி பொரிங்க! கீழ சிந்தாதீங்க, மிதிபட்டுரும்!"

யாருக்கும் புரியவில்லை. சுமதிதான் எழுந்து, "ப்ரசாத் ஹை!" என்று மொழிபெயர்த்தாள். அவ்வளவுதான். மொத்த சொசைட்டியும் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கையைக் குவித்துக்கொண்டு என் முன்னால் வரிசையில் நின்றது. நான் அரண்டுபோய் வாசிப்பை நிறுத்தினேன்.

"நிறுத்தீராதீங்க மாப்ள! இன்னும் வரிசை முடியல. நல்லாக் குலுக்குங்க!"

அதே மெட்டைப் பதினோரு தடவை வாசித்தேன். கடைசி ஆள் வரை பொரி வந்தது. ஜோஷி காக்கா இரண்டாம் முறை வரிசையில் வந்து தீர்ப்புச் சொன்னார்: "வாத்ய சான் ஆஹே. பண் குள் ஹவா ஹோதா." (வாத்தியம் நன்றாக இருக்கிறது. ஆனால் வெல்லம் போட்டிருக்கலாம்.)

"இது செல்லாது, அவருக்குப் பிடிச்சது பொரி" என்று சுமதி அங்கேயே அறிவித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் இல்லாத நேரத்தில் அத்தை யோகா மேட்டுக்குத் தீபாராதனையும் காட்டியிருந்தார். பூஜை செய்ததை மிதிக்கக் கூடாதாம். என் யோகா அன்றோடு முடிந்தது. (இதில் எனக்கு வருத்தமில்லை.)

மறுநாள் காலை, பரண் ஏணியை நானே எடுத்து வைத்துவிட்டேன். அத்தை டல்சிமரைக் கவிழ்த்து, மிச்சமிருந்த பொரியைத் தட்டி, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார். "விஜயதசமிங்க, எதையாச்சும் புதுசா ஆரம்பிக்கோணுமல்ல" என்று ஒரு தந்தியை மீட்டினார். சற்றுக் கேட்டுவிட்டு மறுபடி மீட்டினார். இட்லி ஆறிப்போனது. மதியம் அந்த மெட்டு, நான் ஒரு வாரம் போராடிப் பிடித்த அதே மெட்டு, அத்தையின் விரலில் ஓடியது. என்னால் சந்தோஷத்தை அடக்கவே முடியவில்லை. சுமதியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் மாப்ள, இதை நான் கொஞ்ச நாளைக்கு வெச்சிருக்கட்டுங்களா?"

அந்தக் கொஞ்ச நாள் இப்போது மூன்றாவது வருஷம். கோவையில் ஒரு தச்சரிடம் அளவு கொடுத்து அதே மாதிரி எட்டு செய்து வாங்கிவிட்டார். போன மாதம் போயிருந்தேன். ஹால் நிறையப் பெண்மணிகள், ஆளுக்கொரு டல்சிமர், ரீங்காரம் வாசல் வரை கேட்டது. நான் ஷூவைக் கழற்றுவதற்குள் அத்தை என்னை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார்:

"எங்க மாப்ளைங்க. இவருக்கும் கொஞ்சம் வாசிக்க வரும்."

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு சுமதி என்னைக் காட்டிச் சொல்வதும் இதைத்தான்.