ஒன்பது துண்டு லென்ஸ்

ஜப்பானில், சுவா ஏரிக்கரையில் இருக்கும் ஷிரகானே கேமரா நிறுவனத்தில் ஒரு காகிதம் முடிவாக மாற வேண்டுமென்றால், பதினோரு பேர் அதன் மேல் சிவப்பு மையில் தங்கள் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. கீழே இருப்பவர் தன் முத்திரையை மேலதிகாரியின் முத்திரைப் பக்கமாகச் சற்றே சாய்த்துக் குத்த வேண்டும். காகிதத்திலேயே குனிந்து வணக்கம் வைத்த மாதிரி. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. சாய்வை மட்டும் எல்லோரும் படிப்பார்கள்.

அப்படிச் சுற்றி வந்த ஒரு காகிதம் லென்ஸ் பிரிவில் இருந்த குராமோச்சியின் மேஜைக்கு வந்தது. "வசந்தகால மாடலில் மெகாபிக்சல் பத்திலிருந்து பதினாறாக உயர்த்தப்படும். சென்சாரின் அளவில் மாற்றமில்லை. கூடுதல் செலவை ஈடுகட்டும் பொருட்டு, கண்ணாடி லென்ஸ் நீக்கப்பட்டு பிளாஸ்டிக் லென்ஸ் பொருத்தப்படும்."

குராமோச்சி அதைப் படித்தே விட்டார். அந்தக் கண்ணாடி லென்ஸ் அவருடைய மூன்று வருஷ உழைப்பு. பெற்ற பிள்ளையைக்கூட அத்தனை நேரம் அவர் உற்றுப் பார்த்ததில்லை. வெளிச்சம் விழுந்து படமாகிற சென்சாரோ சுண்டுவிரல் நகத்தளவு. பத்துப் பேர் நெருக்கிப் படுக்கிற அறையில் பதினாறு பேரைத் திணித்தால் எவனுக்காவது காற்று வருமா? படப்புள்ளி கூடக்கூட ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் குறையும். சாயங்காலம் எடுத்த படத்தில் மணலை அள்ளிக் கொட்டியது போல இருக்கும். அதைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கேமராவே முகத்தை வழித்துவிடும். இதெல்லாம் மூன்று பக்கம் எழுதிப் பின்னால் இணைத்தார். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, முத்திரையை நேராகக் குத்தினார்.

பத்தே நிமிஷத்தில் பிரிவு மேலாளர் ஹமாசாகி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"குராமோச்சி சான், உங்க முத்திரை நேரா நிக்குது!"

"ஆமா. எனக்கு இதுல சம்மதம் இல்ல."

"சம்மதம் இல்லேன்னா எழுத்துல குடுங்க. அதுக்காக இப்படியா அசிங்கமா நடந்துக்கறது?"

"எழுத்துலயும் குடுத்திருக்கேன். பின்னாடி மூணு பக்கம் இருக்கு."

"அதை எவன் படிப்பான்? இதைத்தானய்யா எல்லாரும் பாப்பாங்க!"

பார்த்தார்கள். 'முத்திரைக் கோண ஒழுங்கீனம் குறித்த விசாரணைக் கூட்டம்' உடனே கூட்டப்பட்டது. நிறுவனத் தலைவர் தோகிதாவே வந்து உட்கார்ந்தார். குராமோச்சி மாதிரிக் கேமராக்களில் எடுத்த இரண்டு படங்களை மேஜையில் வைத்தார். இரண்டிலும் ஆபீஸ் கேன்டீன் சமையல்கார அம்மா சோபா நூடுல்ஸ் கிண்ணத்தோடு நின்றார். ஒன்றில் அம்மாவின் நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். இன்னொன்றில் முகம் பிசைந்து வைத்த மோச்சிக் கொழுக்கட்டை மாவு.

"எது நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

எல்லா விரலும் முதல் படத்தையே காட்டின.

"அது பத்து மெகாபிக்சல், என் கண்ணாடி லென்ஸ். இந்த மாவுதான் உங்க பதினாறு."

 ஹமாசாகிதான் முதலில் சுதாரித்தார். "எண்ணைச் சொல்லாம காட்டினா கண்ணு ஏமாறத்தான் செய்யும். இது முறையான சோதனையே இல்ல."

தலைவர் கை காட்டி அவரை அடக்கினார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பெட்டி மேல என்னத்தைய்யா எழுதறது? காகிதம் போட்டவங்க பதினாறுங்கறாங்க. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"நல்ல லென்ஸ்னு எழுதலாம், ஐயா."

"எத்தனை நல்லது?"

 லென்ஸ் கையை விட்டுப் போகிறதே என்ற பதற்றத்தில் குராமோச்சி வாய்க்கு வந்ததைச் சொன்னார். "உள்ள அஞ்சு கண்ணாடி இருக்கு."

"போட்டிக் கம்பெனியில?"

"நாலுதான்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "அஞ்சு! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? மெகாபிக்சல் பத்தே போதும். மத்ததெல்லாம் கேன்சல்!"

குராமோச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. வசந்தத்தில் பெட்டியின் முக்கால்வாசிக்கு '5' என்று அச்சடித்து வெளியிட்டார்கள். கேமரா சக்கைப்போடு போட்டது. அவருக்கும் 'லென்ஸ் எண்ணிக்கை மேம்பாட்டு இயக்குநர்' என்று புது விசிட்டிங் கார்டு கிடைத்தது.

மூன்று மாதத்தில் போட்டிக் கம்பெனி ஆறு போட்டது. இன்னொருவன் எட்டு போட்டான். ஷிரகானேயில் புதுக் காகிதம் கிளம்பியது: ஒன்பது.

"லென்ஸ் குழாயே கட்டைவிரல் கணு நீளந்தான் ஐயா. ஒன்பது உள்ள போகாது."

"மெல்லிசா செதுக்குங்க."

"கண்ணாடி உடைஞ்சிடும்."

"பிளாஸ்டிக்ல பண்ணுங்க. பெட்டியில கண்ணாடிங்கறதை எடுத்துட்டு துண்டுன்னு போட்டுக்கலாம்."

"ஒன்பது துண்டுக்கு அங்க வேலை இல்லையே! நாலு சும்மா நிக்கும். வெளிச்சத்தை வேற மறைக்கும்."

"நம்ம ஆபீஸ்ல சும்மா இருக்கறவங்க இல்லையா? தலை எண்ணும்போது அவங்களையும் சேத்துத்தானே எண்ணறோம்?" என்றார் தலைவர், அன்பாக.

ஐந்து என்று எண்ணிச் சொன்னது யார்? வேறு யாரையும் திட்ட வழியில்லை. குராமோச்சி முத்திரையைக் குத்தினார். சாய்த்தார் என்பது போதாது, கிட்டத்தட்டப் படுக்கவே வைத்தார். ஐந்து கண்ணாடி லென்ஸின் தயாரிப்பு அத்தோடு நின்றது.

சனிக்கிழமைகளில் கம்பெனி ஆட்கள் கடைகளில் போய் நின்று விற்க வேண்டும். விற்பனையாட்கள் போடும் நீல ஹாப்பி அங்கியை மாட்டிக்கொண்டு மட்சுமோட்டோ நகரில் ஒரு பெரிய கடையில் நின்றார் குராமோச்சி. ஒரு அம்மா வந்து ஐந்திலும் ஒன்பதிலும் அவரையே படம் எடுத்துப் பார்த்தார்.

"இந்தப் பழசுலதாங்க நீங்க ஆள் மாதிரி இருக்கீங்க."

 குராமோச்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உண்மையைக் கொட்டிவிட்டார்: சென்சார், புள்ளி, வெளிச்சம், சும்மா நிற்கும் நாலு துண்டு, ஒன்று விடாமல். "கடையில இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. கண்ணை மூடிட்டு வாங்குங்கம்மா."

அந்த அம்மா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு நன்றாகக் குனிந்து வணங்கினார். "இவ்வளவு நேர்மையா எந்தக் கடையிலயும் சொன்னதில்ல. ரொம்ப நன்றிங்க. ஆனா எதிர்க்கடையில பத்து துண்டு வந்திருக்காமே? எங்க நாத்தனார் அதைத்தான் வாங்கியிருக்கா."

"பத்தா?" குராமோச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஐயையோ, அதைப் போய் வாங்கிடாதீங்கம்மா! ஒரே ஒரு மாசம் பொறுங்க. எங்களோடது பன்னிரண்டு!"