மூன்றாம் மாடியின் முன்மாதிரித் தொழிலாளி

கட்டடத் தொழிலாளியின் உயிரை உலகிலேயே அதிகம் மதித்த இடம் எது என்று வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் நிச்சயம் கேட்பார்கள். திருவண்ணாமலை தேரடித் தெருவில் 1983-ல் நாங்கள் கட்டிய லாட்ஜ்தான் என்று இப்போதே பதிவு செய்துவிடுகிறேன். அதற்கு எனக்குத் தகுதி உண்டு. காண்டிராக்டர் ராஜமாணிக்கத்திடம் எழுத்து வேலை பார்த்த நான், அவர் அமைத்த 'தொழிலாளர் பாதுகாப்புக் குழு'வின் செயலாளரும் ஆவேன். தலைவர் அவர். வேறு உறுப்பினர்கள் இல்லை. கொத்தனார்களைக் கூட்டம் என்று கீழே இறக்கினால் கார்த்திகை தீபத்துக்குள் மூன்றாம் மாடி முடியாது.

வேலூரிலிருந்து ஒரு கடிதம் வந்ததால் பிறந்த குழு அது. பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்வையிட அதிகாரி வருகிறாராம். தலைவர் கலங்கவில்லை. ஒரு மஞ்சள் ஹெல்மெட், ஓர் இடுப்பு பெல்ட், ஒரு ஜோடி கையுறை, ஒரு சுருள் புதுக் கயிறு ஆகியவற்றை வரவழைத்தார். 'அனைத்துத் தொழிலாளருக்கும் வழங்கப்பட்டது' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்.

முதலில் சடையன் கொத்தனாரிடம்தான் கொடுத்தோம். அன்று மத்தியானமே அந்த விபரீதம் நடந்தது. மேலிருந்து ஒரு கரண்டி சிமென்ட் கலவை ஹெல்மெட்டின்மேல் விழுந்துவிட்டது.

தலைவர் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி! புதுத் தொப்பிய பாழ் பண்ணிட்டியேடா!"

"தல மேல உழ வேண்டியதுதாங்க அதுமேல உழுந்துச்சு," என்றார் சடையன்.

"தலைய கழுவிக்கலாம். பெயிண்ட்டு போனா வருமா?"

அவசரக் கூட்டம் கூடியது. சாதனங்களை அழுக்காக்காத பொறுப்புள்ள ஒருவரிடம் ஒப்படைப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று. அப்படி எங்களிடம் ஒருவர்தான் இருந்தார்: திருஷ்டி பொம்மை. ஊர்க்கண் படாமலிருக்க மூன்றாம் மாடித் தூணில் கட்டியிருந்த வைக்கோல் ஆள். முறுக்கு மீசை, தலைவரின் பழைய சட்டை. ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டதும் களை கட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வந்தாள் சடையனின் மனைவி பச்சையம்மாள். அதே கட்டடத்தில் சித்தாள்.

"ஐயா, சாரம் கட்டின கயிறு மக்கிப்போச்சு. புடிச்சா நார் நாரா கையோட வருது. அவரு அதுமேலதான் நின்னுகினு பூசுறாரு. புதுக் கயித்த எடுத்துக் கட்டச் சொல்லுங்க."

"கட்டாம இருப்பனாம்மா?" என்றார் தலைவர்.

சொன்னபடியே அன்றைக்கே கட்டினோம், பொம்மைக்கு. "பொம்ம உழுந்தா கட்டடத்துக்கே ஆவாதுப்பா," என்று அவர் எனக்கு விளக்கினார். "ஆளுங்கள அண்ணாமலையார் பாத்துக்குவாரு."

அதிகாரி வந்தார். வெயில் ஜாஸ்தி என்பதால் ஜீப்பில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்தார்.

"யாருய்யா அது, தொப்பி, பெல்ட்டு எல்லாம் கரெக்டா போட்டுக்கினு?"

"நம்ம ஆளுதாங்க," என்றார் தலைவர்.

"வந்ததுலேர்ந்து பாக்குறேன், இந்தப் பக்கம் திரும்பல. டிசிப்ளின்னா இதான்யா!"

"டீ குடிக்கக்கூட எறங்க மாட்டாங்க."

'முன்மாதிரித் தொழிலாளி' என்று சான்றிதழே வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமை சாரக்கயிறு அறுந்தது. சடையன் மூன்றாம் மாடியிலிருந்து மணல் குவியலில் விழுந்தார். உயிர் தங்கியது, முதுகெலும்பு தங்கவில்லை. அறிக்கை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 'பாதுகாப்புச் சாதனங்கள் அணிந்திருந்த பணியாளருக்குச் சிறு கீறலும் இல்லை. அணியாதவர் மட்டுமே விழுந்தார். புதுக் கயிறு தன் கடமையைச் செய்தது.' ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தீபம் முடிந்து பச்சையம்மாள் வந்தாள். அதற்குள் நான்காம் மாடி எழும்பி, பொம்மைக்கும் அங்கே பதவி உயர்வு கொடுத்திருந்தோம். அவள் அழவில்லை.

"எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு வேல வேணும் சார்."

"அவரால என்ன வேல செய்ய முடியும்மா?" என்றேன்.

"அந்த பொம்ம வேலதான். இடுப்புக்குக் கீழ அசைவில்ல. கட்டின எடத்துலியே இருப்பாரு. தொப்பிமேல சிமெண்ட்டு படாம பாத்துக்குவாரு. அந்த வேலைக்கு வந்தா புதுக் கயிறு குடுப்பீங்க இல்ல?"

குழு கூடி மனுவைப் பரிவுடன் ஆராய்ந்தது. பதிலை நான்தான் எழுதிச் செயலாளர் என்று கையெழுத்தும் போட்டேன்: 'மேற்படி பணியில் இருப்பவர் பூரண உடல்நலத்துடன் உள்ளதால், தங்கள் கணவருக்கு இடமில்லை.'

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டுக் காகிதத்தின் அடியில் விரலை வைத்தாள்.

"இங்க யாரு சார் கையெழுத்து?"

அதை மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை.